ஊராட்சி நிலமும் நிதிக் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் ஊரில் ஐந்து ஏக்கர் வயலை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்திலும் இப்போது கல் ஊன்றி விலை பேசுகிறார்கள். தடுக்க முடியுமா?

முடியும். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனைப்பிரிவு என்றால், அந்த இடத்தை விற்கும் உரிமை மனை போட்டவருக்கு இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டரை (ஏறத்தாழ 2 ஏக்கர் 47 சென்ட்) தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தந்தாக வேண்டும். அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்ப முடியாது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடம் ஒதுக்க வழியில்லாதபோது வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். 3,000 சதுர மீட்டருக்கு (சுமார் 74 சென்ட்) கீழே ஒதுக்கீடே இல்லை. ஒரே உரிமையாளர் தன் நிலத்தை 74 சென்ட்டுக்குள் அடங்கும் துண்டுகளாக்கித் தனித்தனி அனுமதி கேட்பது இதற்காகத்தான். அப்படி அடுத்தடுத்து விண்ணப்பங்கள் வந்தால் ஊராட்சி அப்போதே எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும்.

உங்கள் ஐந்து ஏக்கர் என்பது சுமார் 20,230 சதுர மீட்டர். சாலைக்கு 4,500 போனதாக வைத்துக்கொண்டால் மீதி 15,730. அதில் பத்தில் ஒரு பங்கு 1,573 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 39 சென்ட். ஊருக்குச் சேர வேண்டிய இடம் அவ்வளவு பெரியது.

கோளாறு பெரும்பாலும் ஓரிடத்தில்தான் நடக்கிறது. தானப் பத்திரம் பதிவாகிவிடும், பட்டா மாறாது. சில ஆண்டுகள் கழித்து, பட்டா இன்னும் தன் பெயரில் இருப்பதைக் காட்டி அதே இடத்தை விற்பார்கள். ஆகவே முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் இருந்தால் அதன் எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மாறியிருக்காவிட்டால், உட்பிரிவு செய்து பட்டாவை ஊராட்சி பெயருக்கு மாற்றும்படி வட்டாட்சியரிடம் ஊராட்சி விண்ணப்பிக்க வேண்டும். அதோடு பத்திர நகலை இணைத்து சார்பதிவாளருக்கும் ஒரு கடிதம் கொடுத்தால் அடுத்த விற்பனையைப் பதிவு செய்யுமுன் அவர் யோசிப்பார். பட்டா மாறியபின் நில அளவரைக் கொண்டு அளந்து எல்லைக்கல் நட்டு, வேலி போட்டு, ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வேலியில்லாத பூங்கா இடம் நெடுநாள் தங்காது.

தானப் பத்திரமே இல்லை என்றால், அனுமதித்த வரைபடத்தின் நகலை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். அனுமதியில்லாமல் போட்டு, பின்னர் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறை செய்த மனைப்பிரிவு என்றால் கணக்கு வேறு. அதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: பூங்கா இடம் சும்மாதானே கிடக்கிறது, அதில் ஊராட்சிக் கட்டடம் கட்டலாம் என்கிறார்கள். நல்ல காரியம்தானே?

இல்லை. கட்டடம் ஊருக்குத் தேவைதான், அதற்கு வேறு இடம் பாருங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 1991-இல் பெங்களூரு வழக்கில் உறுதி செய்தது. மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படுவதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஊராட்சியே ஒருமுறை அந்த இடத்தில் கட்டிவிட்டால், நாளை ஆக்கிரமிப்பவரை எந்த முகத்தோடு எழுப்பும்?

கேள்வி: மேய்க்கால் புறம்போக்கை ஊராட்சி தீர்மானம் போட்டு யாருக்காவது கொடுக்க முடியுமா?

முடியாது. மேய்ச்சல் நிலம், களம், மயானம், மந்தை, தோப்பு போன்ற புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவதுதான் ஊராட்சியின் வேலை. விற்கவோ பட்டா கொடுக்கவோ அதற்கு அதிகாரம் கிடையாது. வகைப்பாட்டை மாற்றுவது வருவாய்த்துறையும் அரசும் செய்வது. ஆனால் அதற்கு முன் ஊராட்சியிடம் 'ஆட்சேபனை இல்லை' என்ற தீர்மானம் கேட்பார்கள். ஊர்ப் பொதுநிலம் நழுவுவது அந்த ஒரு தாளில்தான். 'அ' பதிவேட்டில் (ஊர் நிலங்களின் வகையைக் காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) வகைப்பாட்டைப் பார்த்து, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் எழுதி, 'இந்நிலத்தின் வகைப்பாட்டை மாற்ற இக்கிராம சபை சம்மதிக்கவில்லை' என்று முன்கூட்டியே தீர்மானம் போடுங்கள். 'பொதுநிலங்களைக் காக்க வேண்டும்' என்று பொத்தாம் பொதுவாக எழுதிய தீர்மானத்தை வைத்து எந்த அலுவலகத்திலும் ஒன்றும் செய்ய முடியாது. கிராமப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்கச் சொல்லும் 2011 ஜனவரி 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை (ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் அரசு) மனுவில் மேற்கோள் காட்டுங்கள்.

கேள்வி: தெருவுக்குச் சாலை கேட்டால் 'நிதி இல்லை' என்கிறார்கள். ஆனால் கணக்கில் பல லட்சம் இருப்பதாகச் சொல்கிறார்களே?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஊராட்சிப் பணம் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. முதல் கணக்கில் வரி வருவாயும் மாநில நிதிக்குழு மானியமும் வரும். இரண்டாவது, மின் கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும். மூன்றாவது, திட்டப் பணிகளுக்கு. 15-ஆவது நிதிக்குழு 2021-26-க்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்டது; அதை எடுத்துச் சாலை போட முடியாது. மீதி 40 சதவீதத்தில் போடலாம், ஆனால் சம்பளம் கொடுக்க முடியாது. ஆகவே 'எவ்வளவு இருக்கிறது' என்று கேட்காமல், 'எந்தக் கணக்கில் எவ்வளவு, அதில் கட்டுப்பாடற்றது எவ்வளவு' என்று கேளுங்கள். கிராம சபையில் வைக்க வேண்டிய படிவம் 30 வரவு செலவைக் காட்டும். மத்திய நிதிச் செலவை மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்திலும் பார்க்கலாம்.

சாலை போட்டுவிட்டார்கள் என்றால் அளவுப் புத்தகத்தின் (முடித்த வேலையின் அளவுகளைக் குறித்த பதிவேடு) நகலைக் கேட்டு வாங்கி டேப்பை எடுங்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். கனம் 10 சென்டிமீட்டராக இருந்தால் 30 தான். நீள அகலத்தை எல்லோரும் பார்ப்பார்கள். கனத்தைப் பார்ப்பவர்கள் குறைவு, களவும் அங்கேதான்.

கேள்வி: தலைவர் இல்லாமல் தனி அலுவலர் இருக்கும்போது கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா?

உண்டு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆனால் கிராம சபை என்பது ஊர் வாக்காளர்கள் அனைவரும். தலைவரின் பதவிக்காலத்தோடு அது முடிவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். குறைவெண் (கூட்டத்துக்குக் குறைந்தது வந்திருக்க வேண்டியவர்கள்): மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் தீர்மானம் செல்லாது. எனவே வருகைப் பதிவேட்டில் எல்லோரும் கையெழுத்திட்டார்களா என்று பாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் வாசகம் எழுதி, வாசித்துக் காட்டி, எண் போடும்வரை கலைந்து போகாதீர்கள். எண் போட்ட பக்கத்தை அங்கேயே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிட்ட நகல் மறுக்கப்பட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.