ஸ்டூடியோ மாமா பதில்கள்: புளியந்தீவும் கறுப்பு வெள்ளையும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளைப் படம் பற்றியவை. ஊரில் திடீரென்று இந்தக் காய்ச்சல் எப்படிப் பரவியதோ தெரியவில்லை. சரி, எனக்குப் பிடித்த காய்ச்சல்தான்.

மட்டக்களப்புக் கோட்டையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். நேரில் கம்பீரம், படத்தில் அடுப்புச் சாம்பல். என்ன பிழை? (வாசகி, ஆரையம்பதி)

எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று எழுதவில்லையே மகள். பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் என்று நினைக்கிறேன். உச்சி வெயிலில் மதிலின் மேடு பள்ளம் தெரியாது. கலரில் என்றால் புல் பச்சை, வானம் நீலம் என்று கண் பிரித்துக்கொள்ளும். கலர் போனபிறகு மதில், புல், வானம் எல்லாம் ஒரே சாம்பல். காலை ஏழரைக்குப் போய்ப் பாருங்கள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு நிழல் விழும்.

வானம் வெளிறினால், அந்தக் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி போடுவோம். அது நீலத்தை உள்ளே விடாது. வானம் கறுத்து மேகம் எழும்பி நிற்கும். போனில் கலரிலேயே எடுத்து, மாற்றும்போது நீலத்தை மட்டும் குறையுங்கள். அதே வேலைதான்.

ஆனால் மதிலை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். மட்டக்களப்பு நகரின் நடுவிலுள்ள புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. நாலு கொத்தளமும் நாளைக்கும் அங்கேதான் இருக்கும். காலையில் குடையும் கையுமாக ஆட்கள் வருவார்கள். ஒரு சொல் கேட்டுவிட்டு, வாசல் நிழலில் நின்று, வெளியே உள்ள வெளிச்சத்துக்கு அளவு வைத்துக் காத்திருங்கள். வருகிறவர் முழுக் கறுப்பு உருவமாக விழுவார், குடைக்கம்பி தனித்தனியே தெரியும். நான் அப்படி நாற்பது நிமிடம் நின்று ஒரே ஒரு நல்ல படம் எடுத்தேன். அதுவும் நாய் ஒன்று குறுக்கே வந்த புண்ணியம்.

தெருவில் ஆட்களைக் கேட்டால் போஸ் கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் ஏசுகிறார்கள். என்ன செய்வது? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

ஓடித் திரியாமல் ஓரிடத்தில் நில்லுங்கள் தம்பி. கல்லடிப் பழைய பாலத்தடி நல்ல இடம். 1924இல் கட்டிய இரும்புப் பாலம், வெயில் தாழ இருக்கும்போது கம்பிகளின் நிழல் கோடு கோடாக விழும். கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு ஒரு பிளேன் டீ குடியுங்கள். கால் மணித்தியாலத்தில் உங்களை எல்லாரும் மறந்துபோவார்கள். போஸ் கொடுக்கிறவருக்கு ஒரு படம் எடுத்துவிடுங்கள். முடிந்தது என்று அவர் தோளைத் தளர்த்துவாரே, உங்கள் படம் அதுதான். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளைத் தாய் தகப்பனைக் கேட்காமல் எடுக்கவே வேண்டாம்.

உங்களுக்கு ஏச்சு மட்டும்தான். யுத்த நேரம் ஒரு காவலரணில் என் கமராவின் பின்கதவைத் திறந்து பிலிமை வெயிலில் இழுத்துக் காட்டினார்கள். முப்பத்தொரு படம். அதில் வீச்சுவலை ஒன்று காற்றில் முழு வட்டமாக விரிந்து நின்றது. இன்றைக்கும் அதை வரைந்து காட்டுவேன், படம்தான் இல்லை.

எடுத்தால் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். சைக்கிளில் மீன் விற்கிறவர் ஒருவருக்குப் பெரிதாகப் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். பெட்டியில் ஒட்டிய செதில்கூட மினுங்கும், அவ்வளவு நல்ல படம். தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன மாமா, என்னை முப்பத்தோராம் நாளுக்கு எடுத்த மாதிரி இருக்கு, கலர் இல்லையா?” என்றார். எங்கள் ஆட்களுக்குக் கறுப்பு வெள்ளை என்றால் சுவரில் மாலை போட்ட படம். நான் அடுத்த கிழமை கலரில் ஒன்று கொடுத்தேன். அதைத்தான் வீட்டில் மாட்டியிருக்கிறார்.

பிலிம் கமரா வாங்கலாமா? (மாணவன், கல்லடி)

காசு இருந்தால் வாங்குங்கள். 400 வேகப் பிலிம், நல்ல வெயில், லென்ஸ் துவாரம் 16, ஷட்டர் வேகம் நொடியில் ஐந்நூறில் ஒன்று. இதைப் பாடமாக்கினால் வெளிச்சமானி இல்லாமலே சமாளிக்கலாம். சிக்கல் கழுவுவதில்தான். மருந்துக்குப் பொதுவாக 20 பாகை செல்சியஸ் சொல்வார்கள், எங்கள் குழாய்த் தண்ணீர் முப்பதுக்குப் பக்கத்தில் நிற்கும். சூடு கூடினால் மருந்து வேகமாக வேலை செய்து நெகட்டிவ் கறுத்துவிடும். அப்பா மீன் சந்தையில் ஐஸ் வாங்கி, பேசினில் போட்டு, அதற்குள் மருந்துப் போத்தலை நிறுத்தி வைப்பார். எங்கள் இருட்டறையில் ஹைப்போ மருந்தும் சூரை மீனும் சேர்ந்து மணக்கும்.

பழைய வீதிகளை எடுத்து, ஓட்டோ, மின்கம்பி எல்லாவற்றையும் போனில் அழித்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்குகிறேன். அசல் ஒல்லாந்தர் காலம் மாதிரி வருகிறது! அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். (வாசகர், செங்கலடி)

பார்த்தேன். கை நல்ல கை. ஆனால் ஒல்லாந்தர் காலத்துக்குப் படமே கிடையாது தம்பி. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் அவர்கள் இங்கிருந்து போய்விட்டார்கள். போட்டோ எடுக்கும் வித்தையைப் பாரிஸில் உலகுக்கு அறிவித்தது 1839இல். நீங்கள் அழித்த அந்த ஓட்டோவில் ஒரு அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கிறார். அழிக்காத படத்தையும் சேர்த்து அனுப்பியதால் தெரிந்தது. பழைய ஓட்டுக்கூரைக்கு நடுவால் கம்பி போவதுதான் இன்றைய புளியந்தீவு. கறுப்பு வெள்ளை ஏற்கெனவே எல்லாவற்றையும் பழசாக்கிக் காட்டும், நீங்களும் சேர்ந்து இன்றைய நாளைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது சினிமா செட். அந்த ஓட்டோப் படத்தைத்தான் அடுத்த இதழில் போடச் சொல்லியிருக்கிறேன். திகதியை எழுதி அனுப்புங்கள்.

நம் களப்பில் பாடும் என்று சொல்கிறார்களே, அந்தப் பாடும் மீனைப் படம் எடுத்திருக்கிறீர்களா? (வாசகி, காத்தான்குடி)

பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காது வைத்துக் கேட்ட ஒருவரின் முகத்தை எடுத்திருக்கிறேன். கொஞ்சம் ஆடிவிட்டது.