சர்ச்ல 'எடுபிடி'ன்னு சொல்றாங்க, என்ன பண்றது?

கேள்வி: நாலு வருஷமா சர்ச்ல பாய் விரிக்கிறது, மைக் செட் பண்றது, பாஸ்டர் ஐயாவை ஜெபக்கூட்டத்துக்கு பைக்ல கூட்டிட்டுப் போறதுன்னு இருக்கேன், கூட இருக்கிறவங்களே 'எடுபிடி'ங்கிறாங்க, மனசு வலிக்குது. விட்டுடலாமா?

பதில்: விட்டுடாதீங்க தம்பி! பைபிள்ல வர்ற எலிசா தீர்க்கதரிசி யாரு, 12 ஏர் பூட்டி உழுத வீட்டுப் பிள்ளை, ஆனா 2 இராஜாக்கள் 3:11ல அவரை அவரோட குரு எலியாவோட கைக்கு தண்ணி ஊத்தினவர்னு தான் அடையாளம் சொல்றாங்க, அதைக் கேட்டுத்தான் மூணு ராஜாக்கள் அவரைத் தேடிப் போனாங்க. யுத்தம் நடக்கும்போது கையை உயர்த்திப் பிடிச்சிருந்த மோசேக்கு கை அசந்தப்போ ஆரோனும் ஊர்ங்கிறவரும் பொழுது சாயுற வரைக்கும் தாங்கிப் பிடிச்சாங்களே. ஆனா ஒண்ணு, தாழ்மைன்னா எல்லாத்துக்கும் தலையாட்டுறது இல்ல, பாஸ்டர் செய்றதுல ஏதாவது சரியில்லன்னா தனியா போய் பணிவா சொல்லுங்க, அதுவும் ஊழியத்துக்கு உதவிதான். கிண்டல் பண்றவங்களையும் வர்ற ஞாயிறு பாயோட இன்னொரு முனையைப் பிடிக்கக் கூப்பிடுங்க.