பட்டியலில் இல்லாத சால்வை

கேள்வி: சென்ற இதழில், 1888இல் லண்டன் ஒயிட்சேப்பலில் நடந்த பெண்கள் கொலைகளைப் பற்றி எழுதும்போது, ‘ஜாக் த ரிப்பர் யாரென்று இன்றுவரை தெரியாது’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். கொலையுண்ட பெண்ணின் சால்வையில் கிடைத்த மரபணுவைக் கொண்டு, அவன் ஆரன் காஸ்மின்ஸ்கி என்னும் முடிதிருத்தும் தொழிலாளிதான் என்று அறிவியல் நிரூபித்துவிட்டதே! இது ஆசிரியருக்குத் தெரியாதா, அல்லது மர்மம் நீடித்தால்தான் இதழ் விற்கும் என்ற கணக்கா?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: மர்மம் விற்கும் என்பது உண்மைதான். மர்மம் தீர்ந்தது என்ற அறிவிப்பு அதைவிட நன்றாக விற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் படித்தது அத்தகைய அறிவிப்புகளில் ஒன்று.

காஸ்மின்ஸ்கியின் மீதான சந்தேகம் சால்வையோடு பிறந்ததல்ல. அதற்கு வலு இருக்கிறது என்றால் அது பழைய போலீஸ் குறிப்புகளில்தான் இருக்கிறது என்பதால் அவற்றை முதலில் பார்ப்போம். 1894 பிப்ரவரியில் மெல்வில் மக்நாட்டன் என்ற உயரதிகாரி எழுதிய அலுவலகக் குறிப்பில், சந்தேகத்துக்குரிய மூவரில் ஒருவராகக் ‘காஸ்மின்ஸ்கி’ இடம்பெறுகிறார். 1888இல் குற்றப் புலனாய்வுத் துறையின் தலைவராக இருந்த ராபர்ட் ஆண்டர்சன், 1910இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், கொலையாளி ஒரு போலந்து யூதர் என்றும், அவனை நன்றாகப் பார்த்த ஒரே சாட்சி அடையாளம் காட்டிய பிறகு சாட்சி சொல்ல மறுத்துவிட்டார் என்றும் எழுதினார். அந்த நூலின் தம் சொந்தப் பிரதியில், ‘காஸ்மின்ஸ்கிதான் அந்தச் சந்தேக நபர்’ என்று பென்சிலால் குறித்துவைத்தவர் டொனால்ட் ஸ்வான்சன். இந்த வழக்கின் அறிக்கைகள் அனைத்தும் அவர் மேசைக்கு வந்து சென்றன என்பதால், அவருடைய எழுத்தை ஊர் வம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. 1987இல் அக்குறிப்பு வெளியானபோது பலர் வழக்கு முடிந்தது என்றே நினைத்தார்கள்.

ஆனால் மூன்று அதிகாரிகள் சொன்னதையும் மனநலக் காப்பகப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை இடிக்கத் தொடங்குகிறது. மக்நாட்டன் கொலைகள் நடந்த காலத்தில் போலீசிலேயே இல்லை, 1889இல்தான் சேர்ந்தார். அவர் பெயரிட்ட இன்னொருவரான ட்ரூயிட்டை மருத்துவர் என்றும் 41 வயதினர் என்றும் எழுதினார். அந்த மனிதர் 31 வயது வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர். மூன்றாமவரான ஆஸ்ட்ரோக், கொலைகள் நடந்தபோது பிரான்சில் சிறையில் இருந்ததாகப் பின்னாளில் தெரியவந்தது. இப்படிப்பட்ட குறிப்பில் காஸ்மின்ஸ்கி 1889 மார்ச் வாக்கில் மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டதாக இருக்கிறது. பதிவேட்டின்படி ஆரன் காஸ்மின்ஸ்கி மைல் எண்ட் ஏழையர் விடுதியிலிருந்து கோல்னி ஹாட்ச் காப்பகத்துக்குப் போனது 1891 பிப்ரவரியில். ஸ்வான்சனோ, சந்தேக நபர் ஸ்டெப்னி விடுதிக்கும் பிறகு கோல்னி ஹாட்சுக்கும் அனுப்பப்பட்டு விரைவிலேயே இறந்துபோனார் என்கிறார். ஆரன் 1919 வரை வாழ்ந்தார். கோல்னி ஹாட்சில் சேர்க்கப்பட்டுச் சில மாதங்களில் இறந்தவர் ஒருவர் உண்டு; அவர் பெயர் டேவிட் கோஹன், சேர்ந்தது 1888 டிசம்பரில். போலீசார் இருவரையும் குழப்பிக்கொண்டார்களோ என்று கேட்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதிகாரிகள் எழுதியது குடும்பப் பெயரை மட்டும்தான். ‘ஆரன்’ என்ற முதற்பெயர், நூறாண்டுகள் கழித்துப் பதிவேடுகளைத் தேடியவர்கள் சேர்த்தது.

சாட்சியின் கதையும் அப்படியே. ஆண்டர்சன் சாட்சியின் பெயரைச் சொல்லவில்லை. பெரும்பாலோர் சுட்டுகிற ஜோசப் லவெண்டே, சால்வைக்கு உரியவராகச் சொல்லப்படும் கேத்தரின் எடோஸ் கொலையாவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒரு பெண்ணையும் ஆணையும் தெருவிளக்கு வெளிச்சத்தில் கடந்துபோனவர். அந்த ஆளை மறுபடி பார்த்தால் அடையாளம் தெரியுமா என்பது சந்தேகம் என்று மரண விசாரணையிலேயே சொன்னவர். அன்றே தெரியாத முகம் ஆண்டுகள் கழித்து எப்படித் தெரிந்தது என்று எந்தக் குறுக்கு விசாரணையிலும் முதல் கேள்வியாகக் கேட்பார்கள். அதே வழக்கில் களத்தில் இறங்கி உழைத்த போலீஸ் அதிகாரி அபர்லைன், 1903இல் செய்தியாளர்களிடம் பேசியபோது வேறொருவரையே சந்தேகித்தார். காப்பகப் பதிவில் ஆரன் தம் சகோதரியைக் கத்தி காட்டி மிரட்டியதாக ஒரு வரி இருக்கிறது. சாக்கடையோரம் கிடக்கும் ரொட்டியை எடுத்துத் தின்றார், குளிக்க மறுத்தார் என்பன மற்ற வரிகள். ஏறத்தாழ 28 ஆண்டுகள் காப்பகங்களில் இருந்தவர் மீது பதிவான மூர்க்கம் ஒருமுறை நாற்காலியைத் தூக்கியது போன்ற அளவில்தான் இருக்கிறது. (அன்றைய ஒயிட்சேப்பலில் ஏழை யூதக் குடியேறியவர் என்பதே பாதிச் சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஜான் பைசர் என்ற செருப்புத் தொழிலாளியைப் பிடித்து, பிறகு குற்றமற்றவர் என்று விட்டார்கள்.)

இனி உங்கள் சால்வை. 2014இல் வந்த அறிவிப்பில், அதிலுள்ள ரத்தம் எடோஸுடையது என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, ஏறத்தாழ 2,90,000 பேரில் ஒருவருக்கே இருக்கும் அரிய மரபணு மாற்றம். பிற அறிவியலாளர்கள் சரிபார்த்தபோது, அது மாற்றத்தின் இட எண்ணைக் குறிப்பதில் நேர்ந்த பிழை என்றும், சரியாகக் குறித்தால் அதே மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் இருக்கிறது என்றும் தெரிந்தது. லட்சக்கணக்கானோரில் ஒருவர் என்று சொன்னது ஏறக்குறைய எல்லோரும் என்றானது. 2019இல் ஆய்விதழில் கட்டுரை வந்தது. அதில் மரபணு வரிசைகளுக்குப் பதிலாக வண்ணக் கட்டங்கள் இருந்தன, தனியுரிமைச் சட்டம் காரணமாகச் சொல்லப்பட்டது. பரிசோதித்தது தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணு. ஒருவர் இல்லை என்று விலக்க அது நன்றாக உதவும். ஒரே தாய்வழியில் வந்த ஆயிரக்கணக்கானோரில் இவர்தான் என்று விரல் நீட்ட உதவாது.

அதற்கும் முன்னால், அந்தச் சால்வை கொலை நடந்த இடத்தில் இருந்ததா? ஏமஸ் சிம்சன் என்ற போலீஸ்காரர் அங்கிருந்து எடுத்துப்போனார் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை. அவர் பெருநகரப் போலீஸ். எடோஸ் இறந்துகிடந்த மைட்டர் சதுக்கம் வேறு படையான நகரப் போலீசின் எல்லை. அந்த நகரப் போலீசார் எடோஸின் உடைமைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள், வாசித்துப் பாருங்கள்: கறுப்பு வைக்கோல் தொப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்த பாவாடைகள், ஆண்கள் அணியும் காலணி, கழுத்தில் கட்டிய சிவப்புப் பட்டுத் துணித் துண்டு, இரண்டு களிமண் புகைக்குழாய்கள், தேயிலை ஒரு டப்பாவில், சர்க்கரை ஒரு டப்பாவில், ஆறு சோப்புத் துண்டுகள், பன்னிரண்டு கந்தல் துணிகள், ஒற்றைக் கையுறை, உடைந்த மூக்குக் கண்ணாடியின் ஒரு பகுதி. ஆறு சோப்புத் துண்டுகளை எண்ணி எழுதிய கை, ஆளுயரத்தைவிட நீளமான பட்டுச் சால்வையை எழுதவில்லை.

உடலின் அருகே ஒரு கடுகு டப்பாவும் கிடந்தது. அதில் இரண்டு அடகுச் சீட்டுகள். அவற்றைப் பற்றி நாளிதழில் படித்துத்தான் எடோஸோடு வாழ்ந்த ஜான் கெல்லி போலீஸ் நிலையத்துக்கு வந்து இறந்தவரை அடையாளம் காட்டினார். ஒரு சீட்டு கெல்லியின் காலணிக்கானது; சாப்பாட்டுக்கு வழியில்லாமல் இருவரும் சேர்ந்து அதை அடகு வைத்து, அந்தப் பணத்தில்தான் தேயிலையும் சர்க்கரையும் வாங்கியிருந்தார்கள். பட்டுச் சால்வை ஒன்று கையில் இருந்திருந்தால், அதை விட்டுவிட்டு அந்தப் பெண் கெல்லியை வெறுங்காலோடு நிறுத்தியிருப்பாரா?