மூன்றாவது பெயர்

வணக்கம். பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. துறைத்தலைவரையே எனக்கு வழிகாட்டியாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல மனிதர். ஆனால் எதைக் கேட்டாலும் ‘பாத்துக்கலாம்மா’ என்கிறார். வேறொரு மூத்தவரைத் தேடிப் போனால் தவறாக நினைப்பாரா? புதிய ஆசிரியர்களுக்கான புகுமுகப் பயிற்சிக்கு இந்த ஆண்டே போய்விடவா? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் குறிப்பெடுத்து ஒரு கட்டுரை எழுதப்போகிறேன்; துறைத்தலைவரும் அவருடைய ஆய்வு மாணவரும் அதில் இணை ஆசிரியர்களாகச் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.
– ம.

அன்புள்ள ம.,

பயிற்சிக்குப் போய்விட்டு வாருங்கள், பதவி உயர்வுக்குத் தேவை. மூத்தவரையும் தாராளமாகத் தேடுங்கள். உங்கள் பதவி உயர்வுக் கோப்பு துறைத்தலைவர் மேசையைத் தாண்டித்தான் போகிறது. அவரிடம் போய் ‘எனக்கு இது தெரியவில்லை’ என்று மனம்விட்டுச் சொல்வது எளிதில்லை. வேறு துறையில் ஒருவர் போதும். மாதம் ஒருமுறை, நாற்பது நிமிடம். ‘வழிகாட்டுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். ‘என் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்காருங்கள்’, ‘இந்த முன்மொழிவின் பட்ஜெட் பக்கத்தை மட்டும் பாருங்கள்’ என்று கேளுங்கள்.

கடைசி வரியை எப்படி அவ்வளவு சாதாரணமாக எழுதினீர்கள்? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோப்பு கோப்பாகப் புரட்டிக் குறிப்பெடுத்தவர் நீங்கள். அவர்கள் எதில் சேர்ந்துகொள்கிறார்கள்?

2018ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழுங்குமுறையின் இரண்டாம் அட்டவணையை எடுத்துவைத்துப் படியுங்கள். உங்கள் புலத்தில் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். தனியாக எழுதினால் பத்தும் உங்களுக்கு. இருவர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது ஏழு. மூன்றாவது பெயர் ஏறியதும் கணக்கே மாறுகிறது. முதல் ஆசிரியருக்கு அல்லது தொடர்பு ஆசிரியருக்கு (இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்துபவர்) ஏழு, மற்றவர்களுக்கு ஆளுக்கு மூன்று. ‘இதழுக்கு நானே அனுப்பிவிடுகிறேன்’ என்று ஒருவர் அன்பாக வாங்கிக்கொள்வார், தொடர்பு ஆசிரியர் ஆகிவிடுவார். மாணவருக்கு வேலை கிடைக்கட்டும் என்று அவர் பெயர் முதலில் போகும். நடுவில் மூன்றோடு நிற்பீர்கள்.

இணைப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு 75 ஆய்வு மதிப்பெண் வேண்டும். கட்டுரைகளை மட்டும் வைத்துப் பார்த்தால், ஏழு ஏழாகச் சேர்க்க 11 கட்டுரை போதும். மூன்று மூன்றாகச் சேர்க்க 25 எழுத வேண்டும். வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுத்துக்கொண்டு இருபத்தைந்து கட்டுரை எப்போது எழுதுவீர்கள்?

பெரியவர் மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொண்டிருப்பதை மரியாதை என்று நினைக்காதீர்கள், அது பயம். மருத்துவ இதழ்கள் இதில் தெளிவாக இருக்கின்றன: நிதி பெற்றுத் தந்ததோ பொதுவாக மேற்பார்வை பார்த்ததோ மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது, நன்றிக் குறிப்பில் இடம் கொடுக்கலாம். வரலாற்றுக்கும் அதுவே நியாயம். ஆனால் அவர் உட்கார்ந்து வாதத்தைத் திருத்தி, ஒரு பகுதியை எழுதித் தந்தால் பெயரைத் தயங்காமல் போடுங்கள்.

இதை முதல் வரைவுக்கு முன்பே பேசிவிட வேண்டும். எழுதி முடித்த பிறகு எடுத்தால் சண்டையாகத்தான் முடியும். பேசிய அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்:

‘ஐயா, இன்று பேசியபடி ஆவணக் குறிப்புகளும் முதல் வரைவும் என்னுடையவை. இரண்டாம் பகுதியைத் தாங்கள் எழுதித் தருவதாகச் சொன்னீர்கள். பெயர் வரிசை: நான், தாங்கள். தொடர்பு ஆசிரியர் நான். மாற்றம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.’