வீட்டாரே எதிர்க்கும்போது கிறிஸ்தவ விசுவாசத்தில் எப்படி நிலைத்திருப்பது?

ஞானஸ்நானம் எடுத்த பிறகு வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, வேலையும் போய்விட்டது, எவ்வளவு ஜெபித்தும் நிலைமை மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கன். எங்கள் மண்ணின் புனிதர் தேவசகாயத்தைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத எனக்கு வராது.

1712இல் நட்டாலத்தில் பிறந்தவர். இயற்பெயர் நீலகண்டன். மார்த்தாண்ட வர்மா காலத்துத் திருவிதாங்கூரில் அரசுப் பணியில் இருந்தார். கால்நடைகள் செத்து, பயிர் அழிந்து, மனம் உடைந்திருந்த நேரத்தில் டிலனாயிடம் தன் வேதனையைச் சொல்கிறார். டிலனாய், 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி. அவர் நீலகண்டனுக்குச் சொன்னது விவிலியத்தில் வரும் யோபுவின் கதை.

இந்த இடத்தை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எனக்கோ அவருடைய வாழ்க்கைக்கே திறவுகோல் அதுதான். "இயேசுவை நம்பு, போன மாடெல்லாம் திரும்பி வரும்" என்று டிலனாய் சொல்லவில்லை. மாடு, மக்கள், உடல்நலம் எல்லாம் போன பிறகும் கடவுளோடு வழக்காடிக்கொண்டே அவரை விடாமல் பிடித்திருந்த ஒருவனைக் காட்டினார். 1745இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு பரஞ்சோதிநாதர் கையால் திருமுழுக்குப் பெற்றபோது, இந்த விசுவாசம் கஷ்டத்துக்கு மருந்தாகக் கிடைப்பதல்ல என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும். இன்று பல கூட்டங்களில் "வந்தால் பிரச்சினை தீரும், கடன் அடையும்" என்றே அழைக்கிறார்கள். அப்படி அழைத்து வருகிறவர்களைத்தான் முதல் அடியிலேயே நட்டாற்றில் விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. உங்கள் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நீங்கள் நினைப்பதற்கும் அந்த வாக்குறுதியே காரணமாக இருக்கலாம்.

தேவசகாயம் எல்லாச் சாதியாரோடும் சரிசமமாகப் பழகியது மேல்தட்டினரின் கோபத்தைக் கிளறியது. 1749இல் கைதானார். எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

எல்லோரும் பேசுவது அந்தத் துப்பாக்கிச் சூட்டை. நான் நினைத்துப் பார்ப்பது அதற்கு முந்தைய ஏறக்குறைய மூன்று ஆண்டுகளை. விடுதலை எப்போது என்று தெரியாமல், அவமானத்தோடு, ஒவ்வொரு நாளும் அதே முடிவை மறுபடி எடுக்க வேண்டியிருந்த நாட்கள். உங்கள் நாட்களும் அந்த வகைதான். அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் அதே விசுவாசத்தை ஏற்றவர். கணவரைப் பறிகொடுத்த பிறகு வடக்கன்குளத்திலேயே விசுவாசத்தோடு வாழ்ந்து முடித்தார். அவரைப் பற்றி நம் பிரசங்கங்களில் போதுமான அளவு பேசுவதே இல்லை.

இனி உங்கள் வீடு. வருகிற எதிர்ப்பு எல்லாமே விசுவாசத்துக்காக வருவதல்ல. அம்மா ஏற்றும் விளக்கைப் பார்த்து முகம் சுளித்திருந்தால், பிரசாதத்தைச் "சாத்தானுடையது" என்று சொல்லியிருந்தால், அது சிலுவை ஆகாது. பேதுருவின் முதல் கடிதம், கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லச் சொல்கிறது. எங்கள் பங்குக் கோயிலில் ஒரு அக்கா இருக்கிறார். அண்ணன்மார் அவரை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்திரிக்கொத்து செய்து அவர்களுக்குக் கொடுத்தனுப்புவார். டப்பா திறக்காமலே திரும்பி வரும். மறு வருஷமும் அனுப்புவார்.

ஆனால் அடி, மிரட்டல் என்று போனால் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. பவுலே தன் ரோமைக் குடியுரிமையைச் சொல்லிச் சீசரிடம் மேல்முறையீடு செய்தவர். விரும்பிய சமயத்தைப் பின்பற்றும் உரிமையை அரசமைப்பின் 25ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. காவல் நிலையத்துக்குப் போவது விசுவாசக் குறைவல்ல.

வேலை போனதை உங்கள் சபையில் சொன்னீர்களா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். "ஜெபியுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த மாதம் வாடகைக்கு இவ்வளவு குறைகிறது, இன்ன வேலை எனக்குத் தெரியும் என்று போதகரிடமும், நீங்கள் நம்புகிற இரண்டு பேரிடமும் இந்த ஞாயிறே வாய்விட்டுச் சொல்லுங்கள்.