ஆல்ஜியர்ஸ் முனையில் ஸ்கேனரோடு: மிசிசிப்பி கப்பல் ரேடியோ கேள்வி பதில்

நியூ ஆர்லியன்ஸில், மிசிசிப்பி ஆறு திரும்பும் ஆல்ஜியர்ஸ் முனையில், கரையில் உட்கார்ந்து ஸ்கேனர் என்ற ரேடியோ கேட்கும் பெட்டியில் கப்பல்காரர்கள் பேசுவதைக் கேட்பது என் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. அது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணா, புது ஸ்கேனரை 16-ஆம் சேனலில் வைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு சத்தமும் இல்லை. பெட்டி பழுதா?

பெட்டி நன்றாகத்தான் இருக்கும். 16 (156.800 மெகாஹெர்ட்ஸ்) ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும், அரட்டை அங்கே நடக்காது. அமெரிக்காவின் மற்ற நீர்வழிகளில் கப்பலும் கப்பலும் பேசிக்கொள்வது 13-இல். அதை நம்பியும் இங்கே உட்காராதீர்கள். ஆற்றின் மேல்பக்கம் உள்ள பேட்டன் ரூஜ் நகரிலிருந்து கடல்வாய் வரை அந்த வேலைக்கு 67 (156.375). கூடவே 12-ஐயும் (156.600) போடுங்கள். நகரப் பகுதியில் கடலோரக் காவல்படையின் போக்குவரத்து நிலையம் அதில்தான் பேசும்.

"ஒன் விசில்", "டூ விசில்" என்கிறார்களே, யாரும் ஊதுவதாகத் தெரியவில்லையே?

ரேடியோவில் பேசி முடிவாகிவிட்டால் ஊத வேண்டியதில்லை, சொல்லோடு சரி. எதிரெதிரே வரும்போது ஒன்று என்றால் இடப்பக்கத்துக்கு இடப்பக்கம் காட்டிக் கடப்பது. இரண்டு என்றால் வலப்பக்கத்துக்கு வலப்பக்கம். இந்த ஆற்றில் நீரோட்டத்தோடு இறங்கி வருபவருக்குத்தான் முன்னுரிமை. எங்கே, எந்தப் பக்கம் கடப்பது என்று முதலில் சொல்ல வேண்டியவரும் அவரே. பின்னாலிருந்து ஆறு தள்ளும்போது நிறுத்துவது லேசான காரியமா? பார்ஜ் என்னும் தட்டையான சரக்கு மிதவை ஒன்றே 195 அடி நீளம். அப்படி முப்பதுக்கு மேல் சேர்த்துக் கட்டி ஒரே படகு தள்ளிக்கொண்டு வரும்.

ஒருநாள் மாலை 67-இல், "ஒன்னில் பார்ப்போம், கேப் (கேப்டன்)" என்று ஒரு குரல். எதிர்க்குரல் "ரோஜர், ஒன்" என்றது. அவ்வளவுதான் பேச்சு. கொஞ்ச நேரத்தில் பார்ஜ் கூட்டம் வளைவில் கிட்டத்தட்ட குறுக்காகவே வழுக்கி வந்தது. மேலேறி வந்த டேங்கர் கரையோரம் ஒதுங்கி நின்றது. அந்த இரண்டு வரியைக் கேட்காதவருக்கு, மோதப்போகிறது என்றே தோன்றியிருக்கும்.

"கவர்னர் நிக்" என்று அடிக்கடி வருகிறதே, யார் அந்த கவர்னர்?

ஆளே இல்லை, விளக்கு! கவர்னர் நிக்கல்ஸ் தெருத் துறைமுக மேடையில் ஒன்று, பக்கத்து ஊரான கிரெட்னாவில் ஒன்று. ஆல்ஜியர்ஸ் முனை கிட்டத்தட்ட செங்குத்தாகத் திரும்பும் வளைவு. எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது. ஆற்று நீர்மட்டம் காட்டும் கரோல்டன் அளவுகோலில் நீர் 8 அடியைத் தாண்டி ஏறினால் இந்த விளக்குகள் வேலைக்கு வரும். சிவப்பு என்றால் காத்திரு, பச்சை என்றால் வா. வசந்தகால வெள்ளத்தில் கேட்டுப் பாருங்கள், ரேடியோ ஓயாது. புதிதாக வருபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது அந்த மாதங்களைத்தான்.

ஆண்டெனா என்ன வாங்கலாம்?

முதலில் ஒன்றும் வாங்காதீர்கள். இழுக்கும் கம்பி இருந்தால் 46 செ.மீ. அளவுக்கு நீட்டி நேராக நிமிர்த்துங்கள். 67-இல் பெரும்பாலும் 1 வாட்டில்தான் பேசுவார்கள், அதனால் ஓட்டல் அறையை விட கரைமேட்டில் நிற்பது மேல்.

கேட்பது சட்டப்படி சரியா, ஐயா?

அமெரிக்காவில் சரிதான். 1986-இன் தகவல் தொடர்புத் தனியுரிமைச் சட்டமே கப்பல் ரேடியோவுக்கு விலக்கு தருகிறது. காரில் ஸ்கேனர் வைக்கச் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கையடக்கக் கப்பல் ரேடியோவைக் கரையில் வைத்துக்கொண்டு பேசும் பொத்தானை அமுக்கினால் அது வேறு கதை.

எனக்கு அவர்கள் பேச்சே பிடிபடவில்லை. என்ன செய்ய?

எனக்கும் அப்படித்தான் இருந்தது. பெரிய கப்பலில் பேசுவது பெரும்பாலும் கேப்டன் அல்ல, ஆற்றில் கப்பலுக்கு வழிகாட்ட ஏறும் உள்ளூர் பைலட். லூசியானா மாநிலத்துப் பேச்சு இழுவை அப்படியே வரும். முதலில் எண்களை மட்டும் பிடியுங்கள். கடலருகே ஆறு கிளைகளாகப் பிரியும் ஹெட் ஆஃப் பாசஸ் பூஜ்யம், அங்கிருந்து மேல்நோக்கி மைல் கணக்கு. ஆல்ஜியர்ஸ் முனை ஏறக்குறைய 95. என் முதல் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கப்பல் பெயர்கூட இல்லை, பக்கம் பக்கமாக மைல் எண்கள்தான்.