பெஸ்தாரி ஜெயாவில் உள்ளூர்க்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள்?

வேலை மாற்றலாகி, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவுக்கு வரவிருப்பதாகவும், கைப்பேசி வரைபடத்தில் தேடினால் தாய்லாந்துச் சூப்பு விற்கும் சில தொம்யாம் கடைகளையும் துரித உணவுக் கடைகளையும் தவிர வேறொன்றும் அகப்படவில்லை என்றும், இங்குள்ள தமிழர்கள் எங்கேதான் சாப்பிடுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தோட்டம் கைமாறிய பிறகு ஊருக்குள் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். இவ்வூரில் நல்ல சாப்பாடு இடத்தைவிட நேரத்தையே நம்பியிருக்கிறது. காலை ஆறரைக்கு ஆள் நிற்க இடமில்லாத ஓர் ஒட்டுக்கடை (சாலையோரச் சிறுகடை), நீங்கள் சனிக்கிழமை சோம்பலாக எழுந்து பத்தரைக்குப் போய்ச் சேரும்போது, கவிழ்த்து வைத்த நாற்காலிகளாக மட்டும் இருக்கும். வரைபடத்தில் அது ஏறாததற்கும் அதுவே காரணம்: வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துப் போடும் வேளையில் அது திறந்திருப்பதே இல்லை.

ஊரின் பழைய பிழைப்பைச் சிறிது சொன்னால் இது விளங்கும். 2007-இல் பெயர் மாறும்வரை இவ்வூர் பத்தாங் பெர்ஜுந்தை; வயதானவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள், ஆகவே வழி கேட்கும்போது இரண்டு பெயரையும் நினைவில் வைத்திருங்கள். சிலாங்கூர் ஆற்றை ஒட்டி ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களுமாக வளர்ந்த ஊர் இது. ஆங்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் நாட்டிலேயே முதன்முறையாக வணிக நோக்கில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவுவதற்கு விடியுமுன் போயாக வேண்டும், ஏனென்றால் வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும்; அதனால் இருட்டிலேயே, வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் இறங்குவார்கள், சீவி முடித்துப் பால் எடுப்பதற்கு முன் உள்ள இடைவெளியில் பசியாறுவார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குலை வெட்டும் வேலையில் இன்று பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் இருந்தாலும், அந்தப் பழைய கடிகாரம் மட்டும் ஊரின் அடுப்புகளில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே முதலில் காலை. ஐந்தரை மணியிலிருந்து ஏழரை வரை பழைய கடைவரிசையின் பின்புறத்திலும் தாமான்களின் நுழைவாயிலிலும் தகரக் கூரைக்கடியில் விளக்கு எரியும் இடங்களைப் பாருங்கள். பெயர்ப்பலகை இருக்காது, அக்கா கடை என்றோ, ஆயா கடை என்றோ, கோயில் பக்கத்துக் கடை என்றோதான் சொல்லுவார்கள். தோசை, இட்லி, வடை எல்லா இடத்திலும் கிடைக்கும். நான் உங்களைத் தேடிப் போகச் சொல்வது முதல்நாள் மீன்கறியோடு தரும் தோசையைத்தான். இரவெல்லாம் சட்டியில் கிடந்து புளியும் மிளகாயும் மீனுக்குள் இறங்கிய அந்தக் குழம்பைச் சில கடைகள் ஒரு சிறு பானையில் தனியாக வைத்திருக்கும். சாம்பாரும் சட்டினியும் தானாக மேசைக்கு வரும், இது கேட்டால்தான் வரும். "அக்கா, நேத்து மீன்கறி இருக்கா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், மறுமுறை அவரே எடுத்து வைப்பார்.

தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோறான நாசி லெமாக்கையும் இந்தக் கடைகளிலேயே வாங்குங்கள். நம் பெண்கள் செய்யும் சம்பலில் சீனி குறைவு, புளி தூக்கல். நெத்திலியைச் சம்பலுக்குள் போட்டு நனைய விடாமல் மொறுமொறுப்பாகத் தனியே வைப்பார்கள். மலாய்க்காரர் கடைச் சம்பலின் இனிப்புக்குப் பழகியவர்களுக்கு இது கடுமையாகத் தோன்றலாம். என் நாக்கு இந்தப் பக்கம்தான் சாய்கிறது, ஆகையால் இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏழரைக்கு மேல் இடியாப்பக்காரர் மோட்டாரில் வருவார். தாமான்களில் அவருடைய ஹாரன் ஒலிதான் அறிவிப்பு. தேங்காய்த் துருவலும் பழுப்புச் சீனியும் வைத்துக் காகிதத்தில் மடித்துத் தருவார். அவருக்கென்று நிலையான இடம் கிடையாது, ஆனால் ஒரே தெருவுக்கு ஏறத்தாழ ஒரே நேரத்தில் வருவார். குடிவந்த முதல் வாரத்திலேயே அண்டை வீட்டாரிடம் அந்த நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பானத்தைப் பற்றிச் சிறிது கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) என்றால் நாடு முழுவதும் டின் பால்தான். ஆனால் இவ்வூரைச் சுற்றிச் செம்பனைக்கடியில் மாடு மேய்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் சில இருக்கின்றன. அவர்களிடம் காலையில் கறந்த பாலை வாங்கி அன்றே தீர்த்துவிடும் கடைகளும் இரண்டொன்று உண்டு. அங்கே பசும்பால் தே கேட்டால் இஞ்சி தட்டிப் போட்டு, ஆடை படர்ந்த ஒரு கண்ணாடிக் குவளையை நீட்டுவார்கள். சீனியை அவர்களே போட விட்டால் தாராளமாக விழும். "சீனி குறைவா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எட்டு எட்டரைக்குப் பால் தீர்ந்த பிறகு அதே கடையில் டின் பால் தேநீர்தான், அதில் சிறப்பு ஒன்றும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன். வாழையிலைச் சோறு என்று பலகை போட்ட கடைகள் ஊரில் உள்ளன; அவற்றில் குறை சொல்ல ஏதுமில்லை, கிள்ளானிலும் ரவாங்கிலும் கிடைப்பதுதான் இங்கும் கிடைக்கும். நான் சொல்ல நினைப்பது வீட்டுக் கடைகளை. தாமான்களில் ஓரத்து வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் கூரையை நீட்டி, நான்கைந்து மேசை போட்டு, பதினொன்றரையிலிருந்து இரண்டு மணி வரை மட்டும் சோறு போடுவார்கள். பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் ஒரு காலத்தில் பால்மரம் சீவிய பெண்கள், அல்லது அவர்களுடைய மகள்கள். ரப்பர்த் தோட்டத்தில் ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் சீவ மரம் இருந்தது. செம்பனைக் குலை வெட்டு ஆண்களின் வேலையாகிப் போனது, உதிரிப்பழம் பொறுக்குவதிலும் மருந்தடிப்பதிலும் கிடைக்கும் காசு போதவில்லை. இத்தனை அடுப்புகள் வீட்டு வாசலுக்கு வந்ததற்கு அதையும் ஒரு காரணமாக நான் கருதுகிறேன்.

இக்கடைகளில் பட்டியல் அட்டை கிடையாது. அன்று சந்தையில் கிடைத்ததுதான் அன்றைய கறி. பாக்குக் கீரை என்னும் பெரணிக் கொழுந்து, சாயூர் மானிஸ் என்னும் தவசிக் கீரை, மரவள்ளி இலை போன்ற, பெரிய உணவகங்கள் சீண்டாத கீரைகளை இங்கேதான் உண்ண முடியும். மரவள்ளி இலையை நெத்திலியும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் குழைய வேகவைப்பார்கள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தோட்டத்து மக்களின் வயிற்றைக் காத்த மரவள்ளியை அந்தத் தலைமுறை பிறகு வெறுத்து ஒதுக்கியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அதை மறுசோறு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கருவாட்டுச் சம்பலும் உண்டு. ரசத்தைக் குவளையில் கேட்டு வாங்கிக் குடியுங்கள். கறித்தூள் பெரும்பாலும் பொட்டலத் தூள் அல்ல. கொத்தமல்லி, சீரகம், மிளகாயைத் தாங்களே வறுத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வார்கள், அதனால் ஒரு வீட்டுக் கறிக்கும் பக்கத்து வீட்டுக் கறிக்கும் மணமே வேறாக இருக்கும். இரண்டு மூன்று வீடுகளில் மாறி மாறிச் சாப்பிட்டுப் பார்த்தபின் உங்களுக்குப் பிடித்ததை முடிவு செய்யுங்கள்.

காட்டுப்பன்றிக் கறியைச் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். செம்பனை இளங்கன்றுகளைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றி தோட்டத்துக்குப் பகை, தோட்டத்துத் தட்டுக்கு உறவு. மிளகு தூக்கலாகப் போட்டு, எண்ணெய் பிரிந்து கறுக்கும்வரை பிரட்டி எடுக்கும் இந்த வறுவலின் காரம், பழைய கள்ளுக்கடைத் தொடுகறியின் வழிவந்தது என்பது என் ஊகம். வேட்டைக்கு வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும் என்பதாலும், 2021-இல் நாட்டுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குப் பிறகு வரத்து ஒழுங்காக இல்லை என்பதாலும், எந்நாளும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இருக்கும் நாளில் கடைக்காரரே தாழ்ந்த குரலில் சொல்லுவார். நன்றாக வெந்திருக்கிறதா என்று பார்த்துச் சாப்பிடுங்கள், ஏனென்றால் காட்டு விலங்கின் இறைச்சியை அரைவேக்காட்டில் உண்பது ஆபத்து. மலாய் நண்பர்களோடு போகும் நாளில் இத்தகைய கடைகளைத் தவிர்த்துவிட வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவர்களோடு போக வேறு நல்ல இடங்கள் உண்டு. கோல சிலாங்கூர் மாவட்டத்தின் மலாய்க் கம்போங்குகளில் (சிற்றூர்களில்) ஜாவா வழியினர் மிகுதி. சாலையோரக் குடிசைக் கடைகளில் அவர்கள் விற்கும் பெச்சல், லொந்தோங், சோத்தோ ஆகியவை வெளியூரில் பேசப்படாதவை. அவித்த கீரையின்மேல் கச்சான் (நிலக்கடலை) குழம்பு ஊற்றிய பெச்சல், வெள்ளிக்கிழமை மரக்கறி உண்ணும் நமக்கும் ஏற்றதாகத் தோன்றும், ஆனால் பல கடைகளில் குழம்பில் பெலாச்சான் என்னும் இறால் விழுதைச் சேர்ப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். நாசி அம்பெங் என்னும் ஜாவாச் சோறு கிடைத்தால் தனியாகப் போகாதீர்கள். ஒரே தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய உணவு அது.

சீனர் கோப்பிக் கடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: கரியடுப்பில் சுட்ட ரொட்டியும், தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்ந்த இனிப்புப் பூச்சான காயாவும், அரைவேக்காட்டு முட்டையும், காலை ஒன்பது வரை. அதற்குமேல் அங்கே கிழவர்கள் பத்திரிகை படிப்பார்கள்.

மாலையும் இரவும் என் மதிப்பில் இவ்வூரின் பலவீனமான வேளைகள். சிலாங்கூர்ப் பல்கலைக்கழக மாணவர்களை நம்பி நடக்கும் தொம்யாம் கடைகளும் ரொட்டி சானாய்க் கடைகளும் நள்ளிரவைத் தாண்டியும் திறந்திருக்கும், வயிறு நிறையும், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறை கூடும் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை மட்டும் விதிவிலக்கு. அங்கே கல்லில் ஊற்றி ஊற்றி எடுக்கும் ஆப்பத்தையும், எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராகக் கைக்கு வரும் மசால் வடையையும் ஆறு மணிக்குள் போய் வாங்குங்கள். ஏழு மணிக்குப் பிறகு கூட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க மாவில் தண்ணீர் கூடிவிடும்.

எந்த மாதத்தில் வருகிறீர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். புரட்டாசியில், அதாவது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, நான் மேலே புகழ்ந்த மீன்கறியும் வறுவலும் பல வீட்டுக் கடைகளில் அடியோடு நின்றுவிடும். மாற்றாகச் சோயாவில் செய்த போலி இறைச்சி வரும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஆனால் அந்த மாதத்தில் செய்யும் பலாக்காய்ப் பிரட்டலுக்காக ஒருநாள் போகலாம். ஆடி மாதத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் திருவிழா நடக்கும் நாட்களில் அன்னதானமே ஊரின் சிறந்த மதியச் சாப்பாடு. யாரென்று கேட்காமல் இலை போடுவார்கள், புதிதாக வந்தவர் என்றால் இரண்டாவது முறை பாயசம் ஊற்றுவார்கள். நோன்பு மாதத்தில் மலாய்க் கடைகள் பகலில் மூடியிருக்கும், பிற்பகலில் பாசார் ரமலான் கூடும். இறைச்சி அடைத்த ரொட்டியான முர்தாபாக்கை அங்கே வாங்குங்கள்.

கையில் சில்லறையாக ஐந்து, பத்து வெள்ளி (ரிங்கிட்) தாள்கள் இருக்கட்டும். கியூஆர் குறியீடு இப்போது பல ஒட்டுக்கடைகளிலும் ஒட்டியிருக்கிறது, ஆனால் ஆயா கடைகளில் அது பேரனுடைய கணக்கோடு இணைந்திருக்கும், காசு வந்து சேர்ந்ததா என்று பார்க்க ஆயா பேரனுக்குத் தொலைபேசி செய்வார், பின்னால் வரிசை நிற்கும். குறிப்பிட்ட கடைகளின் இடங்களை நான் இங்கே எழுதாததற்கும் காரணம் உண்டு: நாற்பது பேருக்குச் சமைப்பவரிடம் ஒரு ஞாயிறு நூறு பேர் வந்து நின்றால், கெடுவது அன்றாடம் அங்கே பசியாறுபவர்களின் சாப்பாடு. வந்து சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் குடியிருக்கும் தாமானுக்கு எது அருகில் என்று தனியே சொல்கிறேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போகும் நாளில் எல்லாரையும்போலப் பாசிர் பெனம்பாங்கில் கடலுணவு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதில் தவறில்லை, ஆனால் அதே சிலாங்கூர் ஆற்றில் ஊர்க்காரர்கள் தூண்டில் போட்டுப் பிடிக்கும் ஊடாங் காலா என்ற பெரிய நன்னீர் இறாலை இங்கேயே வாங்கலாம். விலை அதிகம், கடையில் சமைத்துக் கேட்டால் இன்னும் அதிகம். பிடித்தவரிடமே எடைக்கு வாங்கி, மேலே சொன்ன வீட்டுக் கடை அக்காவிடம் முதல்நாளே சொல்லி வைத்து, சமையல் கூலி கொடுத்துச் செய்து வாங்குவதுதான் இங்கே வழக்கம். தலையிலுள்ள கொழுப்பை எறிந்துவிடாமல் குழம்பில் கரைக்கச் சொல்லுங்கள்.